பிளௌ லேன், சனிக்கிழமை, 3 மணி: ஏஎஃப்சி விம்பிள்டன் ஆட்டம் பார்க்கப் போவோருக்கு

தென் லண்டனில் டூட்டிங், மிச்சம், கொலியர்ஸ் வூட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு பரிந்துரை. பிள்ளைகளை உதைபந்தாட்டம் பார்க்கக் கூட்டிப்போக ஆசை இருந்தால் பிளௌ லேன் மைதானத்துக்குப் போங்கள். ஆர்சனல், மான்செஸ்டர் யுனைட்டட், லிவர்பூல் என்று வீட்டுக்கு வீடு ஒரு கட்சி இருக்கும், எனக்குத் தெரியும். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கழகங்களை நாங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறோம். நடந்து போகிற தூரத்தில், ரசிகர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கழகம் இருக்கிறது. நான் பஸ் சாரதி. சனிக்கிழமைகளில் நீலமும் மஞ்சளுமாகக் கழுத்துத்துணி கட்டியவர்களை ஏற்றி இறக்கிய பிறகுதான் எனக்கு இந்தக் கழகத்தின் மேல் கவனம் போனது. இப்போது நானும் மகளும் சீசன் டிக்கெட் எடுத்துப் போகிறோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

முதலில் போகும் வழி. கார் வேண்டாம். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் குடியிருப்பாளர்களுக்கானவை, நிறுத்த இடம் தேடியே முதல் அரைவாசி ஆட்டம் முடிந்துவிடும். மிக அருகில் இருப்பது ஹெய்டன்ஸ் ரோட் ரயில் நிலையம். ஆனால் அங்கே ரயில் அரை மணிக்கு ஒன்றுதான். ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒடுக்கமான மேடைக்குப் போனால் நின்று காயவேண்டும். விம்பிள்டன், டூட்டிங் புரோட்வே, ஏர்ல்ஸ்ஃபீல்ட் எதிலிருந்தும் நடக்கலாம், எல்லாமே இருபது நிமிடத்துக்குக் கிட்டமுட்ட. 493 பஸ் மைதான வாசலாலேயே போகும். எனக்குப் பிடித்த வழி கொலியர்ஸ் வூட் நிலையத்தில் இறங்கி வாண்டில் ஆற்றங்கரைப் பாதையால் நடப்பது. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் பற்றை. கொஞ்சம் சுற்றுத்தான், ஆனால் சின்னப்பிள்ளைகள் வாத்துப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார்கள். எஃப்ரா ரோட் பிள்ளையார் கோயிலும் நடக்கிற தூரம்தான். புரட்டாசிச் சனிக்கு அங்கே எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போகிறவன் நான்.

மைதானம் சின்னது. 9,000க்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் கொள்ளும். மேற்குப் பக்கத்துப் பார்வையாளர் மேடை உயரமானது, மற்ற மூன்றும் பதிந்தவை. பின்னாளில் பெருப்பிக்கலாம் என்று யோசித்துத்தான் அப்படிக் கட்டினார்கள். சுற்றிவர அடுக்குமாடி வீடுகள். முன்னர் இந்த இடத்தில் நாயோட்டப் பந்தய மைதானம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே போய் முதல் வரிசைகளில் இருந்தால்தான் தெரியும். பக்கக்கோட்டில் ஓடுகிறவனின் மூச்சு கேட்கும். கோல்காப்பாளர் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கத்துவது கேட்கும். பந்து காலில் படுகிற சத்தம் கேட்கும். தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த என் மகளுக்கு முதலில் அதிசயமாக இருந்தது அந்தச் சத்தம்தான். "அப்பா, இவ்வளவு பலமாகவா அடிக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

எங்கே நிற்பது, எங்கே இருப்பது என்பதில் என் யோசனை: பாட்டும் ஆரவாரமும் வேண்டுமென்றால் தெற்குப் பக்கம். அங்கே நின்றபடிதான் பார்ப்பார்கள், தொண்ணூறு நிமிடமும் பாட்டு ஓயாது. வயதானவர்களோடும் சிறுபிள்ளைகளோடும் போனால் மேற்கு அல்லது கிழக்குப் பக்கம். பதிந்த மேடைகளில் முன்வரிசை எடுத்தால் காற்றோடு வருகிற மழை முகத்தில் அடிக்கும், கூரை அவ்வளவு தூரம் காப்பாற்றாது. நவம்பர் முதல் பங்குனி வரை தொப்பி, கையுறை, தடித்த காலுறை கட்டாயம். கொங்கிறீற்றில் நின்றால் குளிர் பாதத்தால்தான் ஏறும்.

சரி, இந்தக் கழகத்தை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்று கேட்டால், அதன் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் டிக்கெட் காசு கொடுத்து நீங்கள் உள்ளே போவது அந்தக் கதைக்குள்தான்.

பழைய விம்பிள்டன் கழகம் 1889இல் தொடங்கியது. நெடுங்காலம் அமெச்சூர் கழகம். 1963இல் வெம்பிளியில் அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் சட்டன் யுனைட்டட்டை 4–2 என்று வென்றபோது எடி ரெனோல்ட்ஸ் நான்கு கோலையும் தலையால் போட்டார். 1977இல்தான் லீக்குக்குள், அதாவது நாட்டின் மேல் நான்கு பிரிவுகளுக்குள், வந்தார்கள். 1986இல் அன்றைய உச்சப் பிரிவான முதற்பிரிவு. 1988 மே 14 அன்று எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் அந்தக் காலத்து லிவர்பூலை 1–0 என்று வீழ்த்தினார்கள். லோரி சான்செஸ் தலையால் இடித்த கோல், ஜோன் ஆல்ட்ரிஜ்ஜின் தண்டனை உதையைத் தடுத்த டேவ் பீசன்ட். வெம்பிளியில் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் தண்டனை உதை தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இவ்வளவும் பிளௌ லேன் என்கிற ஒரு பழைய, ஒடுங்கிய மைதானத்திலிருந்து போய்ச் செய்தது.

1991இல் அந்த மைதானத்தை விட்டார்கள். எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்ற புதிய விதிக்கு அதை மாற்றக் காசு பத்தாது என்று சொல்லி, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். திரும்பி வருவோம் என்றார்கள், வரவில்லை. பழைய பிளௌ லேனில் இன்று வீடுகள். அந்தக் குடியிருப்புக்கு ரெனோல்ட்ஸ் கேட் என்று பெயர். அதன் கட்டடங்களில் ஒன்று பழைய பயிற்சியாளர் பாசெட்டின் பெயரில், ஒன்று பழைய ஆட்டக்காரர் கோர்க்கின் பெயரில். நேரமிருந்தால் அதையும் பார்த்துவிட்டுப் போங்கள், புதிய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். 2000 மே 14, கிண்ணம் வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே நாளில், பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தில் யாரும் நினைத்துப் பார்க்காதது நடந்தது. உரிமையாளர்கள் கழகத்தை அப்படியே தூக்கி, 90 கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே இருக்கிற மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், கழகம் ஆடிய மைதானத்திலேயே சொந்தக் கழகத்துக்கு எதிராக நின்றார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்று கொண்டுபோகலாம் என்றது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகம் தொடங்கினால் அது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த ஆணையத்தின் அறிக்கையில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ரசிகர்கள் கூடினார்கள். ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது. ஆட்டக்காரர் இல்லை, பயிற்சியாளர் இல்லை, மைதானம் இல்லை. ஜூன் 29 அன்று விம்பிள்டன் கொமன் வெளியில் ஆட்டக்காரர் தேர்வு என்று அறிவித்தார்கள். விரும்பியவர் வரலாம். 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைட்டட்டோடு முதல் நட்பு ஆட்டம். 4–0 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் வருகிறார், 1988ஐயும் பார்த்தவர், அந்தச் சட்டன் ஆட்டத்தையும் பார்த்தவர். வெம்பிளியைப் பற்றிக் கேட்டால் இரண்டு வசனம் சொல்வார். சட்டனைப் பற்றிக் கேட்டால் இடைவேளை முழுக்கச் சொல்வார். நான்கு கோல் வாங்கிய பிறகும் ஒருவரும் எழும்பிப் போகவில்லையாம், முடிந்ததும் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டக்காரரைக் கட்டிப்பிடித்தார்களாம்.

ஒன்பதாவது படியிலிருந்து தொடங்கினார்கள். கிங்ஸ்டன் பக்கத்தில் கிங்ஸ்மெடோ என்ற சின்ன மைதானம். 2003 பெப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவில்லை. இங்கிலாந்தின் மூத்தோர் உதைபந்தாட்டத்தில் அது சாதனை. 2011 மே 21 அன்று லூட்டன் டவுனைத் தண்டனை உதைகளில் வென்று லீக்குக்குள் நுழைந்தார்கள். தொடங்கி ஒன்பது வருடம். 2016இல் வெம்பிளியில் பிளிமத்தை 2–0 என்று வென்று மூன்றாம் படிக்கு ஏறினார்கள். இதைத் தன் கண்ணால் பார்த்த ஆட்கள்தான் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கப்போகிறவர்கள்.

மைதானம் கட்டிய கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சொந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கிங்ஸ்மெடோவை செல்சிக்கு விற்றார்கள். நாயோட்ட மைதானத்தில் கட்டத் தொடங்கினார்கள், பாதியில் பல மில்லியன் பவுண்ட் குறைந்தது. வெளியில் இருந்து காசுக்காரரைக் கூட்டிவந்தால் வேலை முடியும், ஆனால் கழகம் கை மாறிவிடும். அப்போது, 2020 தொடக்கத்தில், ரசிகர்களே கடன் பத்திரம் விடும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். பத்திரம் வாங்குகிறவர் வட்டியைத் தாமே தெரிவுசெய்யலாம், வட்டியே வேண்டாம் என்றும் சொல்லலாம். சில கிழமைகளில் 5 மில்லியன் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. 2020 நவம்பர் 3 அன்று டொன்காஸ்டரோடு முதல் ஆட்டம், 2–2. கொரோனாக் காலம். காசு கொடுத்துக் கட்டிய ஒருவரும் உள்ளே இல்லை. வெற்று மைதானத்தில் ஜோ பிகொட் முதல் கோல் போட்டார், கட்டியவர்கள் வீட்டில் இருந்து திரையில் பார்த்தார்கள்.

வடமராட்சியில் எங்கள் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது. சிரமதானம் வைத்து முள்ளு வெட்டி, கல் பொறுக்கி, ஊரே சேர்ந்து திருத்திய மைதானம். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு அனுப்பி மதில் கட்டிக் கொடுத்தார்கள். கழகத்தின் தலைவர் யார் என்று ஊர்தான் தீர்மானிக்கும், ஊர் இல்லாமல் கழகம் இல்லை. லண்டனுக்கு வந்து, ஒரு பணக்காரர் வாங்கி இன்னொரு பணக்காரருக்கு விற்கும் கழகங்களைப் பார்த்து, இங்கே உதைபந்தாட்டம் என்றால் இதுதான் என்று இருந்தேன். பிளௌ லேனில் என் ஊர்க் கழகத்தைக் கண்டேன். ஏஎஃப்சி விம்பிள்டனின் பெரும்பான்மைப் பங்கு டொன்ஸ் டிரஸ்ட் என்கிற ரசிகர் அமைப்பின் கையில் இருக்கிறது (டொன்ஸ் என்பது கழகத்தின் செல்லப்பெயர்). வருடச் சந்தா கட்டி யாரும் சேரலாம். ஆளுக்கு ஒரு வாக்கு, இலட்சம் போட்டவருக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று. நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு வரும்போது வேட்பாளர்கள் எழுதியிருப்பதை நான் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். டிக்கெட்டோடு இந்தச் சந்தாவையும் கட்டுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. இந்த நகரத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு வாடிக்கையாளர் என்ற இடம் நிறையக் கிடைக்கும். உரிமையாளர் என்ற இடம் எத்தனை வாசலில் கிடைக்கும்?

ஆட்டத்தின் தரம் பற்றி நேராகச் சொல்கிறேன். பிரீமியர் லீக்கின் நுட்பத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மூன்றாம், நான்காம் படியில் பந்து அதிகம் வானத்தில் இருக்கும், முட்டி மோதல் கூட. ஆனால் இந்தப் படியில் ஆடுகிறவர்கள் ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாழ்கிறவர்கள். ஒவ்வொரு பந்தும் அவர்களுக்குச் சோறு. எறியலுக்குக்கூட உயிரைக் கொடுத்து ஓடுகிறவனைப் பார்த்து வளரும் பிள்ளை நல்லதைத்தான் பார்க்கிறது.

சாப்பாடு சாதாரணம். பை, பர்கர், சிப்ஸ், தேத்தண்ணீர். மரக்கறி நாளென்றால் சிப்ஸ்தான் கைகொடுக்கும். இடைவேளையில் எல்லோரும் ஒன்றாக எழும்புவதால் வரிசை நீளும், 40ஆவது நிமிடத்திலேயே ஒரு ஆள் போய் நின்றால் நல்லது. நாங்கள் மத்தியானம் டூட்டிங்கில் கொத்து ரொட்டியோ ஆட்டிறைச்சி றோல்ஸோ சாப்பிட்டுவிட்டு நடந்து வருவோம். மைதானத்துக்குள்ளேயே ஃபீனிக்ஸ் என்று கழகத்தின் மதுச்சாலை உண்டு. குடிக்காதவர்களும் போய் இருக்கலாம், மற்ற ஆட்டங்களின் முடிவு அங்கே திரையில் ஓடும். பிள்ளைகளுக்கு ஹெய்டன் என்ற வோம்பிள் இருக்கிறது: விம்பிள்டன் கொமனில் குப்பை பொறுக்குவதாகக் கதையில் வருகிற உரோமம் நிறைந்த பிராணி. ஹெய்டன்ஸ் ரோட் நிலையத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். கைகொடுக்காமல் எந்தப் பிள்ளையையும் விடாது.

நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வெள்ளைக்காரக் கூட்டத்துக்குள் நாங்கள் போனால் எப்படி? நியாயமான கேள்வி. நான் லண்டனுக்கு வந்த புதிதில் வேறொரு மைதானத்தின் வாசலில் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தைகளை மறக்கவில்லை. அதன் பிறகு நெடுநாள் நான் எந்த மைதானத்துக்கும் போகவில்லை. பிளௌ லேனில் கூட்டம் இன்னும் பெரும்பாலும் வெள்ளைதான். ஆனால் பக்கத்து வரிசைக்காரர் மகளின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார். அவள் பரீட்சைக்காக வராமல் விட்ட கிழமை "எங்கே, காணவில்லை?" என்று விசாரித்தார். கெட்ட வார்த்தை கேட்கும், நடுவரைத் திட்டுவது கேட்கும். ஆளின் நிறத்தை வைத்து ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. கோல் விழுந்ததும் யார் யாரைக் கட்டிப்பிடிக்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

2020 கொரோனா முடக்கத்தில் இந்த ரசிகர்கள் டொன்ஸ் உள்ளூர்ச் செயற்குழு என்று ஒன்றைத் தொடங்கி, கடைவாசல்களில் மேசை போட்டு உணவுப் பொருள் சேர்த்து, முடியாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் அந்த நாட்களில் வெறும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூலைக்கு மூலை அந்த மேசைகளைக் கண்டேன்.

2024 செப்டெம்பரில் வாண்டில் ஆறு கரைமீறி மைதானத்துக்குள் புகுந்தது. புல்தரையின் ஒரு பக்கம் அப்படியே உள்வாங்கிப் பள்ளமானது. அந்தக் கிழமை நியூகாசில் யுனைட்டட் லீக் கிண்ண ஆட்டத்துக்கு இங்கே வரவேண்டும். அதை நியூகாசிலுக்கே மாற்ற வேண்டியதாயிற்று. நியூகாசில் கழகம் 15,000 பவுண்ட் உதவி கொடுத்தது, ரசிகர்களும் நிதி சேர்த்தார்கள். அதே பருவத்தின் முடிவில், 2025 மே 26 அன்று, வெம்பிளியில் வால்சாலை 1–0 என்று வென்று மறுபடி மூன்றாம் படியான லீக் ஒன்றுக்கு ஏறினார்கள். கோல் மைல்ஸ் ஹிப்போலைட்டினுடையது. பாதி மைதானம் ஆற்றோடு போன பருவத்தில் ஒரு கழகம் மேலே ஏறியது. என் மகள் அன்று அழுதாள், நானும் அழுதேன்.

மில்டன் கீன்ஸுக்குப் போன கழகம் இன்றும் ஆடுகிறது. எம்கே டொன்ஸ் என்று பெயர். இங்கே ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஊர் மாற்றிய வியாபாரக் கிளை என்ற அர்த்தத்தில் 'ஃபிரான்சைஸ்' என்றுதான் சொல்வார்கள். 1988 கிண்ண நினைவுப் பொருட்களும் வரலாற்று உரிமையும் 2007இல் மேர்ட்டன் நகரசபைக்குத் திரும்பின. கோபம் மட்டும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஊரை விட்டு ஊர் கொண்டுபோகப்பட்ட ஒன்றைப் பற்றிக் கோபப்பட ஆட்களுக்கு உரிமை உண்டு.

குறை என்றால் இடம் போதாமைதான். பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் வெள்ளனவே முடிந்துவிடும், உறுப்பினருக்குத்தான் முன்னுரிமை. முதல் தடவை போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள். மின்வெளிச்சத்தில் புல் பச்சையாக மினுங்கும், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும். 7.45க்குத் தொடங்கினால் ஒன்பதரை தாண்டி முடியும், அடுத்த நாள் பள்ளிக்கூடம் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பிந்தித்தான். திரும்பும்போது ஹெய்டன்ஸ் ரோட்டுக்குப் போகாமல் டூட்டிங் புரோட்வே பக்கம் நடவுங்கள். கடைகள் திறந்திருக்கும், பிளேன்ரீ சூடாகக் கிடைக்கும்.